ஊதா ஓரச் சால்வை

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று சாயங்காலம் எங்கள் ஆனையூர் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், பிலோமினாள். என் மகன் கிளமெண்ட். மருமகள் ஆன்சி. பேத்தி ஷெரின். அவளோடு காலேஜில் படிக்கும் முத்துமீனா, சமயநல்லூர்ப் பிள்ளை. அதே வகுப்பு விக்ரம், காலேஜில் கருத்துரிமை மன்றம் என்று ஒன்றை நடத்துகிறவன். பக்கத்து வீட்டு விஜயம், உறைமோர் வாங்க வந்தவள், வாங்கிய பிறகும் போகாமல் கதவில் சாய்ந்து கடைசிவரை பார்த்தவள். வேறு யாரும் இல்லை.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுவேன். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஆளாளுக்கு நான் அங்கே இல்லையே என்பார்கள். என் கல்யாணப் பந்தியில் என் அப்பாவைப் பாதி இலையில் எழுப்பிவிட்டவர்கள் யார் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அதில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

காலேஜ் ஆண்டு விழாவுக்கு ஷெரின் நாடகம் எழுதியிருக்கிறாள். இன்று ஹாலில் அதற்கு ஒத்திகை. பேர் 'பொன்னாடை'. கூட்டத்துக்கு ஒரு தலைவர் வருகிறார். வட்டம், கிளை, மகளிர் அணி, போன தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவன் என்று ஆளாளுக்கு வந்து சால்வை போர்த்துகிறார்கள். போர்த்தப் போர்த்தத் தலைவர் மூடிப்போகிறார். பேசக் கூப்பிட்டால் சத்தமில்லை. ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் நாற்காலி காலி. முத்துமீனாதான் தலைவர். துணிக் குவியலுக்குப் பின்பக்கமாக அவள் நழுவி ஓடியதை நானே கவனிக்கவில்லை. ஷெரின் மைக் பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு, "தலைவர் இல்லாவிட்டாலும் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்றாள். கிளமெண்டுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

சால்வைக்கு என் தகரப் பெட்டியைத்தான் திறந்தேன். எல்லார் வீட்டிலும் கிடப்பவைதான். போர்த்தினால் குளிர் தாங்காது, விரித்துப் படுத்தால் வழுக்கும், தூக்கிப்போட மனசு வராது. கிளமெண்டுக்கும் ஆன்சிக்கும் பள்ளிக்கூடத்தில் வந்தவை மேலே கிடந்தன. அடியில் ஊதா ஓரம் வைத்த ஒன்று, என் வீட்டுக்காரருடையது. அவர் கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்தபோது சமயநல்லூர்ப் பக்கம் ஒரு சாதிச் சங்கத்தின் விழாப் பந்தலில் கம்பி அறுந்து விழப் பார்த்தது. ஓடிப்போய் கரண்டை நிறுத்தினார். மறுவாரம் மேடைக்குக் கூப்பிட்டு அவர்கள் கொடி நிறத்திலேயே சால்வை போர்த்தினார்கள். போர்த்தியவரின் மோதிரம் மாட்டி ஓரத்தில் நூல் இழுத்துக்கொண்டது. அந்த இழுத்த நூல் இன்றும் அப்படியே இருக்கிறது.

முத்துமீனா அதைத் தொடக்கூட இல்லை. "இது வேணாம்டி. எங்க ஊர்ல இது அவங்க சங்கத்துக் கலரு. வம்பாயிரும்" என்றாள்.

ஷெரின் சிரித்தாள். "லைட்டு அடிச்சா இதுதான்டி பின்வரிசை வரைக்கும் தெரியும்." தானே உதறி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் சொல்வதைக் கேளேன் என்று விஜயம்கூடச் சொன்னாள். நான் சும்மா இருந்தேன். அவர் சால்வை மறுபடி மேடை ஏறுகிறதே என்று எனக்கு ஆசை.

எல்லாரும் போன பிறகு ஜெபமாலை. பரலோக மந்திரத்தில் பிறர் குற்றம் பொறுக்கிற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். நான் பொறுக்காத ஆள் ஒன்று இருக்கும்போது பொறுத்துவிட்டேன் என்று ஆண்டவரிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஷெரின் சின்னப் பிள்ளையிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜெபம் முடிந்ததும் காதருகில் வந்து, "இன்னைக்கு யாருக்கு அப்பத்தா?" என்பாள். பெயரைச் சொல்வேன். இன்று என் நாத்தனார் பெயரைச் சொன்னேன். "அவங்க இன்னும் லிஸ்ட்ல இருக்காங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 3, திங்கள்

விஜயம் உறைமோர்க் கிண்ணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நாடகம் நன்றாக நடந்ததாம். ஷெரின் தொண்டை கட்டிப்போய் வந்தாள். காலேஜ் முதல்வரே கைதட்டினாராம். விக்ரம் முழுவதையும் படம் எடுத்துப் போனில் போட்டிருக்கிறான். கருத்துரிமை மன்றத்தின் வீரமங்கை என்று இவள் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறானாம். சால்வைகளைக் காலேஜிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவருடையதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவா என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் அம்புட்டுப் பேரும் ஷெரினைத்தான் கேட்டார்கள். கிளமெண்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். பக்தசபைத் தலைவரின் மனைவி மட்டும், "பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடத்தான்" என்றாள். அவள் பெயர் எனக்கு மறக்காது.

பிப்ரவரி 18, செவ்வாய்

யாரோ நாடகப் படத்தை வெட்டிக் கொஞ்சூண்டு மட்டும் போனில் போட்டிருக்கிறார்கள். ஊதா ஓரச் சால்வையை ஒரு கை உருவித் தரையில் வீசுகிறது. அடுத்து ஒரு செருப்புக்கால் அதை மிதித்துப் போகிறது. திரும்பத் திரும்ப அதே. முகம் தெரியவில்லை. அந்தச் செருப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும், கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஆன்சி வாசிக்க மறுத்துவிட்டாள்.

சங்கத்தின் பெயரை எழுத வேண்டாம் என்கிறான் கிளமெண்ட். என் நோட்டில்கூடவா? எழுதவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

காலேஜில் ஷெரினோடு யாரும் பேசுவதில்லை. கைதட்டினவர்கள்தான் முதலில் விலகினார்கள். வகுப்புக் குரூப்பிலிருந்து இவளையும் முத்துமீனாவையும் எடுத்துவிட்டார்கள். விக்ரம் கருத்துரிமை மன்றத்தின் பேரில் ஒரு அறிக்கை போட்டிருக்கிறான். சொல்லுகிற உரிமை எல்லாருக்கும் உண்டாம், ஆனால் ஒரு சமூகத்தின் மனம் புண்பட்டால் மன்றம் அதற்குப் பொறுப்பில்லையாம். நம் ஹாலில் உட்கார்ந்து என் கையால் பணியாரம் தின்றவன்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை மாதிரி ஷெரின் பேசிக் காட்டியதை எவளோ அந்தக் காலத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அதையும் போட்டு, இவள் எப்போதுமே இப்படித்தான் என்று எழுதுகிறார்கள். கேண்டீனில் இவள் உட்கார்ந்தால் மேஜை காலியாகிவிடுகிறதாம். முத்துமீனா மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் உட்காருகிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்கு ஷெரின் வரவில்லை. தெருமுனை டீக்கடையில் இரண்டு பைக். நான்கு பேர். டீ குடிக்கவில்லை, பேசவில்லை, நம் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் கோலப்பொடி டப்பாவோடு வாசலில் போய் நின்று அவர்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒருத்தன் கும்பிட்டான். திட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது.

பிப்ரவரி 26, புதன்

காலேஜில் விசாரணைக் குழு வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே அந்தச் சால்வையைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் கேள்வியாம். அந்த ஆளுக்குப் பரீட்சை கிடையாது. ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. எழுதவிடாவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் போச்சு.

கிளமெண்ட் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸுக்கும் ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறது. கொஞ்ச நாள் லீவு போடேன் என்று தாளாளர் சாமியார் அன்பாகச் சொன்னாராம்.

நான் சொன்னேன், நடந்ததைச் சொல்லுங்கள், அது என் வீட்டுக்காரருக்கு அவர்களே மரியாதை செய்து போர்த்தியது, நான் வந்து சொல்கிறேன். கிளமெண்ட் ஷெரினை அறைக்குள் கூட்டிப்போனான். ஆன்சி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அவர்கள் மூன்று பேரும். வெளியே நான்.

கதவு மெல்லியது. கிளமெண்ட் சொன்னது கேட்டது. "அந்தப் புள்ள சமயநல்லூர்தான. அவ ஊர்ல கிடைக்கிற துண்டுதான. அவ கொண்டாந்தான்னு சொன்னா முடிஞ்சு போச்சு. நம்மளுக்கு அது யாரு கலருன்னே தெரியாது."

ஷெரின் குரல் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்கிறாளா என்று காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம்தான் வந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

சாப்பிடவில்லை அவள். மனசு இருக்கிறது பிள்ளைக்கு. சொல்ல மாட்டாள்.

மார்ச் 3, திங்கள்

விசாரணை முடிந்து வந்தாள். கை கழுவி உட்கார்ந்து தோசை கேட்டாள். சட்னி இன்னும் கொஞ்சம் என்றாள். அடுத்த தோசையைத் தட்டில் போட்டபடி என்ன சொன்ன என்று கேட்டேன். "கேட்டதுக்குப் பதில் சொன்னேன் அப்பத்தா" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசும்போது சாமியார் கை ஷெரின் தலைமேல் கொஞ்ச நேரம் நின்றது. ஆறுதலாகத்தான்.

முத்துமீனாவைக் காலேஜை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கலர் யாருடையது என்று தெரிந்தே கொண்டுவந்தாள், ஏதும் அறியாத தோழியின் கையில் கொடுத்து வீச வைத்தாள் என்று எழுதியிருக்கிறதாம். அவள்தானே தெரியும் என்று சொன்னாள்? வேணாம்டி என்று சொல்ல அது யார் கலர் என்று தெரிந்துதானே இருக்க வேண்டும்? அந்த வாயை வைத்தே அவளைக் கட்டிவிட்டார்களே, பாவிக.

பைக்குகள் நம் தெருவிலிருந்து போய்விட்டன. எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். ஆன்சி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மார்ச் 8, சனி

முத்துமீனாவின் அம்மா இருளாயி வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வர மறுத்துவிட்டாள். அவள் புருஷன் ஆண்டிச்சாமிக்கு சமயநல்லூர் ரோட்டோரம் பஞ்சர் கடை. கடை சாத்தியிருக்கிறதாம். கம்ப்ரஸரைக் கிணற்றில் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்க ஆளில்லை.

"எம்புள்ள இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்லம்மா. நீங்க அன்னைக்கு இருந்தீங்கன்னு சொல்லுச்சு. நீங்க எதையும் மறக்க மாட்டீங்களாம், ஷெரினு சொல்லிச் சொல்லிச் சிரிக்குமாம்."

திங்கள்கிழமை வாரேன் என்றேன். அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று முதல்வர் அறையில் இருந்தவர்கள்: முதல்வர். கண்ணாடி போட்ட ஒரு மேடம். இருளாயி. நான். பிறகு வகுப்பிலிருந்து கூப்பிட்டு ஷெரின்.

கிளமெண்டும் ஆன்சியும் வேலைக்குப் போனதும் இருளாயியோடு ஷேர் ஆட்டோவில் போனேன். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அந்த அறையில் நாற்காலி போடக் கொஞ்ச நேரமாயிற்று. சொன்னேன். பெட்டியைத் திறந்தவள் நான், எடுத்தவள் என் பேத்தி, வேண்டாம் என்றவள் இந்த அம்மாவின் மகள். அந்தச் சால்வை முதல்வருக்குப் பின்னால் கண்ணாடி பீரோவில் மடித்து வைத்திருந்தது. ஊதா தெரிந்தது. "ஓரத்துல நூல் இழுத்திருக்கும் சார். மோதிரம் மாட்டி இழுத்தது. எடுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் பீரோ பக்கம் திரும்பவில்லை. ஷெரினைக் கூட்டிவரச் சொன்னார்.

அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். தோளில் கை போட்டாள். சூடான கை. காய்ச்சலோ என்றுகூட நினைத்தேன். முதல்வரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "சாரி சார். அப்பத்தாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல. நடந்தது நடக்காதது எல்லாம் கலந்துருது. வீட்ல யாரும் இல்லாத நேரம் பாத்துக் கெளம்பி வந்துட்டாங்க."

முதல்வரின் குரலே மாறிப்போனது. சின்னப்பிள்ளையிடம் பேசுகிற குரல். "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கக்கிழமை. மாசி இருபத்தாறு. இவளச் சேக்க வந்தப்ப இதே ரூம்ல நீங்க இல்ல, வெள்ளச் சட்டை போட்ட வேற ஒருத்தரு இருந்தாரு. அந்தச் சன்னல்ல பச்சைத் திரை கெடந்துச்சு. டொனேஷன் கிடையாதுன்னு சொல்லிட்டு வேற பேர்ல வாங்குனாரு."

மேடம் சிரிப்பை அடக்கினாள். "நல்லாத்தான் பேசுறாங்க" என்று முதல்வர் ஷெரினிடம் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை. பத்திரமாகக் கூட்டிப் போகச் சொன்னார்.

ஷெரின் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். குடித்தேன். ஏன் குடித்தேன்? தட்டிவிட்டிருக்க வேண்டாமா?

இருளாயி என் முகத்தையே பார்த்தாள். ஒரு நொடி அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அதை நான் கண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

விஜயத்தைக் கேட்டேன். நீயும் இருந்தாயே, ஒரு வார்த்தை வந்து சொல்லு என்று. "அன்னைக்கு நான் உறைமோர் வாங்கின உடனே போயிட்டேனே அக்கா" என்றாள். கிண்ணம் அவள் வீட்டு மேடையில்தான் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கே.கே. நகரில் ஒரு டாக்டர். சும்மா ஒரு செக்கப்மா என்று கூட்டிப்போனான் கிளமெண்ட். டாக்டர் மூன்று பொருளின் பெயரைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். வாழைப்பழம், சாவி, குடை. கேட்டபோது சொன்னேன். அவர் மேஜையில் நர்சு வைத்துவிட்டுப் போன சீட்டில் இருந்த பெயரையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். கிளமெண்ட் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி, வீட்டில் நான் அடுப்பை அணைக்க மறக்கிறேன், ராத்திரி எழுந்து கதவைத் திறக்கிறேன் என்று சொன்னான். என் எதிரிலேயே சொன்னான். எந்த அடுப்பு? எந்தக் கதவு?

சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை விட அந்தச் சீட்டைத்தான் அவன் பத்திரமாக மடித்தான்.

மார்ச் 17, திங்கள்

"சாப்பிட்டீங்களே அத்தை, மறந்துட்டீங்களா?" என்கிறாள் ஆன்சி. நான் சாப்பிடவில்லை. தட்டு காய்ந்து கிடக்கிறது, போய்ப் பார்த்தேன்.

மார்ச் 22, சனி

மாத்திரை போட்டால் தூக்கம். மத்தியானம் முழுவதும் போய்விடுகிறது. எழுந்ததும் அன்றைக்கு ஹாலில் இருந்தவர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கிளமெண்ட், ஆன்சி, ஷெரின், முத்துமீனா, விஜயம். பணியாரம் தின்றவன் பெயர் வரச் சுணங்கியது. வந்துவிட்டது, விக்ரம். ஆனால் சுணங்கியது. ஆண்டவரே, இது என்ன?

மார்ச் 23, ஞாயிறு

கொல்லையில் செம்பருத்தி வேரில் மாத்திரையைப் புதைக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வீடு நிறையப் பிள்ளைகள். கேக். விக்ரம் முதல் ஆளாக வந்து ஆன்சியை ஆன்ட்டி ஆன்ட்டி என்கிறான். வேறு ஒரு காலேஜில் பேச்சுப் போட்டியாம். தலைப்பு, கருத்துச் சுதந்திரத்தின் எல்லைகள். ஷெரினுக்கு முதல் பரிசு. பேசாதவர்கள் எல்லாரும் இப்போது அவளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் எவ்வளவு தாங்கினாள் என்று விக்ரம் மறுபடி எழுதியிருக்கிறானாம். அந்தச் சங்கத்தின் இளைஞர் அணியிலிருந்தே ஒருவர் மேடைக்கு வந்து, தவறு செய்தவர்கள் வேறு, இந்தச் சகோதரி எங்கள் வீட்டுப் பிள்ளை என்று பாராட்டினாராம்.

சால்வை போர்த்தியிருக்கிறார்கள். ஷெரின் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். விரித்துப் பார்த்தேன். ஊதா ஓரம். புதுசு. நூல் எங்கும் இழுக்கவில்லை.

"உங்க பொட்டில வைங்க அப்பத்தா" என்றாள்.

அவளுக்கு ஒரு கூச்சம்கூட இல்லையே. அந்தக் குவியலுக்குள்ளிருந்து என் பிள்ளை எப்போது நழுவிப் போனாள்? நான் கவனிக்கவில்லையே.

பெட்டிச் சாவி எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எல்லாரும் பாவம் என்று பார்த்தார்கள். அதைத்தானே நம்புகிறார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை. கோயிலில் கொடுத்த ஓலையோடு, பவனியில் போகாமல் பஸ் ஏறி சமயநல்லூர் போனேன். பஞ்சர் கடை இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். ஆண்டிச்சாமியைக் கேட்டேன். திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்களாம் குடும்பத்தோடு. அந்தப் பெண் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறதாம். எப்போது போனார்கள் என்றேன். இளநீர்க்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க யாரு என்றான். ஓலையை அங்கேயே ஒரு கம்பத்தில் செருகிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். தவக்காலம் முழுவதும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. போனால் சாமியார் பொறுத்துவிடச் சொல்வார்.

திங்கள்கிழமை ஷெரினுக்குப் பரீட்சை தொடங்குகிறது. ஹால் டிக்கெட்டை மாதா படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

விளக்கு வைத்ததும் ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். கிளமெண்ட், ஆன்சி, ஷெரின், நான். ஷெரின்தான் முன்சொன்னாள். பரலோக மந்திரத்தில் அந்த இடம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மற்ற மூன்று குரலும் போய்க்கொண்டிருந்தன. நடுவில் அவள் குரல் மட்டும் ஒரு நொடி நின்று பிறகு சேர்ந்துகொண்டது.

முடிந்தது. என் காதுப் பக்கம் வருவாள் என்று இருந்தேன். எழுந்து போனாள். மாத்திரையும் டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயில் போடும்வரை நின்று பார்த்தாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கசக்கிறது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கிளமெண்டைப் பொறுத்துவிட்டேன், அவன் சின்ன வயசிலிருந்தே பயந்தாங்கொள்ளி. ஆன்சியையும். விஜயத்தைக்கூடப் பொறுத்துவிட்டேன். நாத்தனாரை இன்று காலையிலேயே விட்டுவிட்டேன், அவளுக்கு ஒதுக்க இனி இடமில்லை. ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து என்னை மறக்க வைப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஷெரின்.